எண்ணெய் காயாத வியாழன்

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டியிருந்த கிளிப் தொண்ணூற்றெட்டு காட்டியது. ஜோல்டோஷின் உதடோ நீலம் பாரித்திருந்தது.

சயிரகுல் கணவனின் விரலைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. சுரங்கத்துக் கரித்தூள் தின்றுபோட்ட நுரையீரல் அவனுக்கு. மூச்சு முட்டும்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் நிரப்பித் தந்த ரப்பர் தலையணையை அழுத்தி ஆக்சிஜன் கொடுப்பாள். மூன்று வாரத்துக்கு முன் அதை வாங்கிக்கொண்டு, ஓயாமல் உறுமி ஆக்சிஜன் விடும் மெஷினையும் இந்தக் கிளிப்பையும் தந்துவிட்டார்கள். ஆக்சிஜன் ஓடும் அந்த ஒற்றை அறையில் இனி நெருப்பே கூடாதாம்.

அதனால் மூன்று வியாழக்கிழமையாக வீட்டில் எண்ணெய் காயவில்லை, மாவு பொரியவில்லை. வீட்டில் செத்துப்போனவர்களுக்கு வியாழன்தோறும் அந்த வாசனைதான் சாப்பாடு. சோறு பக்கத்து வீட்டிலிருந்து வரும். ஆனால் பக்கத்து வீட்டு வாசனை அவர்கள் வீட்டுச் செத்தவர்களுக்குத்தானே போகும்? இன்று நான்காவது வியாழன்.

நர்ஸ் புருலுக்கு போன் போட்டாள்.

"நம்பர் நல்லா இருக்கு. ஆனா இவரு நீலமா கெடக்காரு புருல்."

"மூஞ்சியப் பாக்காதீங்கக்கா, நம்பரப் பாருங்க. தொண்ணூத்தெட்டா? எனக்கே அவ்வளவு இல்ல!" சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

மதியம்தான். ஆனாலும் ஜன்னலைப் பனி மூடி அறை சாம்பல் நிறமாகிவிட்டது. மெஷினின் உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. அலமாரியில் கவிழ்த்து வைத்த வாணலியை யாரோ சுற்றிச் சுற்றி மோந்து பார்ப்பதுபோல. ஈர மண்ணும் பழைய கம்பளியும் கலந்த நாற்றம் கட்டில்வரை வந்தது.

"பசிக்குதாம்," என்றான் ஜோல்டோஷ்.

"யாருக்குங்க?"

அவன் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தான். "நெறைய பேரு."

அடுப்பைப் பற்றவைத்தால் போதும். பற்றவைத்தால் அவனும் சேர்ந்து எரிவான். தீப்பெட்டியை எடுத்தாள். வைத்தாள்.

விரலையாவது தேய்த்துச் சூடாக்கலாம் என்று கிளிப்பைக் கழற்றிப் போர்வையில் போட்டாள்.

தொண்ணூற்றெட்டு.

கழற்றிய பிறகும். கிளிப்பின் வாய் மூடவில்லை. ஒரு விரல் கனத்துக்குத் திறந்தே இருந்தது.

"என்னங்க?"

அவன் நெஞ்சு எழவில்லை.

போர்வையிலிருந்து கிளிப் மெல்ல மேலே எழுந்தது. அவன் முகத்தருகே போய் நின்றது. அவன் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாய் தானாக நழுவியது. அந்தரத்தில், கிளிப்புக்குச் சற்று மேலே, யாரோ மூக்கில் மாட்டிக்கொண்டதுபோல் நின்றது.

தொண்ணூற்றொன்பது.