கண்ணாடி வரை வந்த பாதை

கூடத்து மீன்தொட்டியின் விளக்கு தினமும் மதியம் இரண்டு மணிக்குத் தானாக எரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் எரிந்தது. தண்ணீர் மாற்ற வாளியும் ரப்பர் குழாயுமாக வந்து நின்றவள், வெள்ளை மணலின் பின்கோடியில், கருங்கல்லை ஒட்டி, கடுகு கடுகாக ஏழெட்டுக் குழிகள் விழுந்திருப்பதைப் பார்த்தாள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி. முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த மணலைத் தூரிகையால் நிரவி விட்டிருந்தாள்.

தொட்டி அப்படியொன்றும் பெரியதில்லை. இரண்டடி நீளம், முன்னிருந்து பின்னுக்கு ஒன்றேகால் அடி. வைத்தவர் அவள் கணவர். வீட்டு வரைபடம் போடுவது அவர் பிழைப்பு. அந்த வித்தையைத்தான் தண்ணீருக்குள்ளும் காட்டியிருந்தார். நடுவில் ஒரு மணல் பாதை, முன்னால் நாலு விரல் அகலம், போகப் போகக் குறுகி, கல்லுக்குப் பின்னால் மறையும்போது பென்சில் கனம். இரண்டு பக்கமும் செடிகள், முன்னால் அகல இலை, பின்னால் பொடி இலை. உட்கார்ந்து பார்த்தால் ஒன்றேகால் அடிக்குள் ஒரு காத தூரம் தெரியும். "கண்ணை ஏமாத்துற வேலைதான், வேறென்ன" என்பார்.

ஆனால் பாதையைக் கண்ணாடி வரை அவர் கொண்டுவரவில்லை. முன்னால் மூன்று விரல் அகலத்துக்குக் குட்டைப் புல் நட்டு அடைத்திருந்தார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் தொட்டியைக் கவனிக்க ஆளில்லாமல் அந்தப் புல் அழுகிப்போயிற்று. அவரும் திரும்பி வரவில்லை. எல்லாம் முடிந்து வீட்டைக் கூட்டிப் பெருக்கிய அன்று, சொட்டையாகக் கிடந்த அந்த இடத்தில், அலமாரியிலிருந்த மிச்ச மணலைக் கொட்டினாள். பார்க்கச் சுத்தமாக இருந்தது. அவ்வளவுதான் அவள் யோசித்தது.

பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை அவளுக்கு. மரத்துப்போக ஊசி போட்டவர்களின் கன்னத்தைத் தட்டி, "தொட்டா தெரியுதா?" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பாள். ஐந்து மாதமாக அவளை எங்கே தொட்டாலும் தெரியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், கல்நெஞ்சுக்காரி என்று வாசலிலேயே பேசிக்கொண்டு போனார்கள். போனால் போகிறார்கள் என்றிருந்தது.

வண்ணமீன் கடைக்காரருக்குப் போன் செய்தாள். "நத்தையா இருக்கும் தங்கச்சி. பகல்ல மண்ணுக்குள்ள படுத்துட்டு அப்புறமா ஊரும்" என்றார் அவர். நத்தை ஊர்ந்தால் கோடு விழும், குழி விழாது. அது அவளுக்கும் தெரியும். சரிண்ணே என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழிகள் பாதி வழிக்கு வந்திருந்தன. பின்னால் கடுகாக இருந்தவை நடுவில் பயறளவு ஆகியிருந்தன. தூரத்திலிருந்து ஒரு ஆள் வரவர உருவம் பெருகுமே, அப்படி. மூடியைத் தூக்கியபோது ஈரமண் வாசனைக்கு நடுவில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை அடித்தது. தன் கைதான் நாறுகிறது என்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். வாசனை தொட்டியிலேயே இருந்தது.

புதன்கிழமை கடைக்காரர் நேரிலேயே வந்தார், கையில் ஒரு கிண்ணம் புல்லோடு. குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"முன்னாடி எதுக்கு தங்கச்சி மணல் போட்டீங்க?"

"புல் அழுகிடுச்சுண்ணே. சும்மா கிடக்குதேன்னு போட்டேன்."

"உங்க வீட்டுக்காரர் எத்தனையோ பேருக்குத் தொட்டி வச்சுக் கொடுத்தாரு. ஒண்ணுலயும் பாதையைக் கண்ணாடி வரைக்கும் விட்டதில்ல. கேட்டா, வழியைத் திறந்து போடக்கூடாதுண்ணேம்பாரு."

"அழகுக்குத்தானே?"

அவர் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார். "இன்னைக்கே நட்டுடுங்க. நட்ட பிறகு பிடுங்க மட்டும் செய்யாதீங்க. அடியில இருக்கிற கருப்பு மண்ணு கிளம்பி எல்லாத்தையும் மூடிடும்." காப்பி குடிக்கக்கூட நிற்கவில்லை.

கிண்ணம் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்தது. வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. அசதி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. வருவது வரட்டும் என்று இருந்தது அவளுக்கு. யார் வருகிறார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

சனிக்கிழமை காலை அவள் மகள் வாண்டு தொட்டியின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. வலது பாதம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருக்கும். நடக்கும்போது யாருடைய சுண்டுவிரலாவது வேண்டும் அவளுக்கு. சாப்பாடு முடிந்ததும் அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தெருவை ஒரு ரவுண்டு சுற்றி வருவது வழக்கம். வாசல் கதவு திறக்க ஒரு நிமிஷம் தாமதமானால், வலது காலைத் தரையில் தட்டித் தட்டி ஊரைக் கூட்டிவிடுவாள்.

"அப்பா நடந்து வர்றார்மா. ரொம்ப தூரம்ல, அதான் லேட்டு."

"யார் சொன்னா?"

"நான்தான் பார்த்தேனே. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன்ல சொன்னார்ல, வந்ததும் ஒரு ரவுண்டு போலாம்னு."

கண்ணாடிக்கு நாலு விரல் பின்னால், அவரைக்கொட்டை அளவில் இரண்டு குழிகள் நின்றிருந்தன.

அப்போதுதான் பயந்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவை. ஊசி தெளியும்போது முதலில் வலிதான் வரும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கெல்லாம் வாண்டுவைக் கண்ணைவிட்டு அகலவிடவில்லை. வேலைக்கு லீவு சொன்னாள். கூடவே படுத்தாள்.

ஞாயிறு, இரண்டு மணி. விளக்கு எரிந்தது. இன்றைக்கு நட்டே தீருவது என்று கிண்ணத்தை எடுத்துச் சமையலறைக் குழாயடிக்குப் போனாள். புல் வளர்ந்த கூழ் வேரில் ஒட்டியிருந்தது, அதைக் கழுவ வேண்டும்; புல்லை நகக்கண் அளவு பிடிகளாகப் பிரிக்க வேண்டும்; அவசரப்பட்டால் வேர் அறும். கூடத்தில் வாண்டு ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தாள். தொட்டியின் வடிகட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் அதற்குத் தாளம் போட்டது. பன்னிரண்டாவது பிடியில் பாட்டு நின்றது. சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே போய்ப் படுத்துத் தூங்கியிருப்பாள் என்று மிச்ச மூன்று பிடியையும் பிரித்து முடித்துவிட்டே வந்தாள்.

தலை நிமிராமல் வேலை பார்த்தாள். நீண்ட இடுக்கியால் ஒவ்வொரு பிடியாக, கண்ணாடியை ஒட்டி, அடிமண் வரை ஆழ்த்தி நட்டாள். மூன்று வரிசை. ஐந்து ஐந்தாகப் பதினைந்து. இடுக்கி பழகிய கை, ஒன்றுகூட மிதக்கவில்லை. அப்பாடா என்று பின்னால் சாய்ந்தாள்.

தொட்டிமேசையின் அடியில் வாண்டுவின் செருப்பு இருந்தது. இரண்டும். சேர்த்து, கண்ணாடியைப் பார்த்து.

தண்ணீர், எப்போதும் நிரப்பும் அளவுக்கு ஒட்டிய கருப்பு டேப்புக்கு மேலே ஏறி நின்றது.

மீன்கள் எல்லாம் இடது மூலையில் அப்பிக் கிடந்தன.

அவள் மணலைப் பார்த்தாள். புல்வரிசைக்கு அப்பால் சுவடுகள் தொடங்கின. வருகிற சுவடுகள் இல்லை. போகிற சுவடுகள். அவரைக்கொட்டைக் குழிகளுக்குப் பக்கத்தில், பாதி அளவில் இன்னொரு ஜோடி. சின்ன ஜோடியில் வலது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், அவசரமில்லாமல், சிறுத்துச் சிறுத்து, கல்லுக்குப் பின்னால்.

"வாண்டு."

கூடத்தில் இல்லை. கட்டிலில் இல்லை. குளியலறையில் இல்லை. வாசல் கதவின் மேல்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அவளுக்கே எக்கி நின்றால்தான் கைக்கு வரும்.

திரும்பி ஓடி வந்தாள்.

பாதையில் புதுச் சுவடுகள். கல்லுக்குப் பின்னாலிருந்து. ஒரே ஒரு ஜோடி. சின்னது. இந்தப் பக்கம் பார்த்து. அகல அகலமாக, ஓடி வந்தது போல. கடுகு. பயறு. துவரை.

அவள் நட்ட புல்வரிசை வரை வந்திருந்தன. அங்கே நின்றன.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலதுபக்கக் குழியில் மணல் லேசாகக் கிளம்பி அடங்கியது. அதே இடம். மறுபடியும். மறுபடியும்.

கதவைத் திறக்கச் சொல்லித் தட்டுகிற கால்.

அவள் இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டுப் புல்லைப் பிடுங்கினாள். மூன்று வரிசையும், கொத்துக் கொத்தாக, அடியோடு. அடிமண் கிளம்பியது. புகையாய், கருப்பாய், கண்ணாடியை மறைத்து மேலே வந்து, பிறகு கனத்துக் கீழே இறங்கியது. வெள்ளை மணல் மேல். சுவடுகள் மேல். பாதை நெடுக.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அவள் மண்டியிட்டு, அந்தக் கருப்புத் தண்ணீருக்குள், சுண்டுவிரலை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.