மலையிலிருந்து இறங்கிய டெக்வென் சித்தி

வேல்ஸில் எங்கள் பள்ளத்தாக்கு ஊருக்கு ஒரே ஒரு புகழ்தான். அது சைக்கிள் வீராங்கனை டெக்வென்.

பதினோரு வயதில், கடன் வாங்கிய பெரிய காலணிக்குள் துணியைத் திணித்துக்கொண்டு முதல் பந்தயத்தில் ஜெயித்தவள் அவள். பிறகு வேல்ஸ் அணியில் சேர்ந்து நாடு நாடாகப் போனாள். கறிக்கடைக் கண்ணாடியில், தொங்கும் இறைச்சிக்கு நடுவே அவள் படம் சிரித்துக்கொண்டிருக்கும்.

போன வருடம் இத்தாலியில், மழை நனைத்த மலை வளைவொன்றில் வழுக்கி விழுந்தாள். தோள் எலும்பு முறிந்தது. ஊருக்குத் திரும்பி, அக்கா வீட்டில் தங்கித் தேறினாள்.

"என்னம்மா டெக்வென், இந்த வருஷ சைக்கிள் பந்தயம் நம்ம மலை வழியாத்தான் வருதாம். ஜெயிச்சிடுவேல்ல?" என்று கறிக்கடை இட்ரிஸ் தினமும் கேட்பார்.

"பார்க்கலாம்" என்று சிரிப்பாள்.

அக்கா மகள் மாப்லிக்கு ஒன்பது வயது. ஒரு மாலை அவள் பழம் பறிக்க மலைக்குப் போனாள். அங்கே, ஆடுகள் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் சித்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"செயின் அறுந்துடுச்சா சித்தி?"

"இல்ல."

"பிரேக் போச்சா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பயமா இருக்கு." சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். "ஏறிடுறேன். இறங்கும்போது அந்த இத்தாலி வளைவு கண்ணு முன்னாடி வருது. பிரேக்கை விட்டுக் கையை எடுக்க முடியல. யார்கிட்டயும் சொல்லிடாத, கண்ணு."

'பயப்படாதே' என்று சொல்லலாமா என்று மாப்லி யோசித்தாள். பல் டாக்டர் அவளிடம் அப்படித்தான் சொன்னார். கொஞ்சமும் பயன்படவில்லை.

"எனக்கும் இந்த இறக்கம்னா பயம் சித்தி. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே இறங்கலாமா? யார் 'நில்லு'ன்னு சொன்னாலும் நின்னுடணும்."

மறுநாள் மாப்லியின் குட்டி சைக்கிள் கீச்சுக் கீச்சென்று பிரேக் அலற முன்னால் போனது. பின்னால் உலகம் சுற்றிய வீராங்கனை.

"சித்தி, ஆடு நம்மளத் தாண்டிப் போகுது!"

சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் பெரிய வளைவு வந்ததும், "நில்லு!" என்றாள்.

நின்றார்கள். சாலையோரம் உட்கார்ந்து, கல்லில் சுட்ட திராட்சைக் கேக்கைத் தின்றார்கள். மாப்லி அவசரப்படுத்தவே இல்லை. வளைவு முடியும்வரை இருவரும் நடந்தார்கள்.

அடுத்தடுத்த நாட்களில் 'நில்லு' குறைந்தது. பிறகு ஒரு சாரல் மாலையில், அதே வளைவுக்கு முன்னால் சித்தி மெல்லக் கேட்டாள்:

"மாப்லி, நான் கொஞ்சம் முன்னாடி போகட்டுமா?"

"போ சித்தி! போ!"

சித்தி சாய்ந்து, வளைந்து, பறந்து போனாள். அடிவாரத்தில் காத்திருந்த சித்தியின் முகமெல்லாம் ஈரம். அது மழையா, கண்ணீரா என்று மாப்லி கேட்கவில்லை.

பந்தயத்தில் டெக்வென் நான்காவதாக வந்தாள். ஆனால் எங்கள் மலையின் இறக்கத்தில் மூன்று பேரை முந்தியிருந்தாள்.

"நாலாவதா வந்துட்டு இவ்வளவு சந்தோஷமா குதிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லப்பா!" என்றார் இட்ரிஸ்.

காரணம் மாப்லிக்கு மட்டும்தான் தெரியும். அவள் சித்தியின் சேறு படிந்த கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே பெருமையாக நடந்தாள்.