திரும்பி வந்த தண்ணீர்

பதினோரு வீடுகளையும் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த தண்ணீர், போனபோது இருந்ததைவிடச் சூடாக இருந்தது.

ஊரின் வெந்நீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் மெக்கின், வெப்பமானியின் கண்ணாடியை நகத்தால் தட்டினாள். வெளியே போகும் குழாயில் எழுபத்தெட்டு டிகிரி. உள்ளே வரும் குழாயில் எண்பத்தொன்று. முள் அசையவில்லை. ஆழ்துளையிலிருந்து கிளம்பும் வெந்நீர் வீடு வீடாகப் போய், ஜன்னல்களுக்குக் கீழே பொருத்தியிருக்கும் இரும்புக் கணப்புகளுக்குள் புகுந்து, சூட்டைக் கொடுத்துவிட்டு, முப்பத்தைந்து டிகிரியில் களைத்துப்போய்த் திரும்ப வேண்டும். எட்டு வருடமாக அப்படித்தான் திரும்பியது. வீடுகள் தண்ணீரைச் சூடாக்கி அனுப்புகின்றன என்றால், அவள் படித்த இயற்பியல் புத்தகங்களை எல்லாம் ஓடையில் போட்டுவிட வேண்டியதுதான்.

"குப்பை மானி," என்றாள்.

மானி தலைநகரத்து அலுவலகம் அனுப்பியது. அவர்கள் அனுப்புவதெல்லாம் குப்பைதான். இலையுதிர்காலத்தில் ஒரு புதுத் திட்டமும் அனுப்பினார்கள். வீடுகளைச் சுற்றி வந்த தண்ணீரை இனி ஓடையில் விடக்கூடாது. இரண்டாவது துளை போட்டு பூமிக்குள்ளேயே திருப்பிவிட வேண்டும். அப்போதுதான் ஊற்று என்றைக்கும் வற்றாது. துளை போட்டாகிவிட்டது; இன்று காலையிலிருந்து தண்ணீர் அதற்குள்தான் போகிறது. திட்டத்தோடு வந்த வழவழப்பான கையேட்டின் அட்டையில் ஒரு சிறுமி மலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். மெக்கின் அதை நான்காக மடித்து காப்பி இயந்திரத்தின் ஆடும் காலுக்குக் கீழே வைத்திருந்தாள்.

மணி மூன்றரை. அந்த வடகோடிப் பள்ளத்தாக்கில் ஜனவரி என்பதால் வெளியே ஏற்கெனவே இருட்டு. வெளியில் மைனஸ் பதினொன்று. பம்பு அறை ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. கந்தக வாடை, எண்ணெய் வாடை, தீய்ந்த காப்பியின் வாடை. தரைக்குக் கீழே எங்கோ, யாரோ உறிஞ்சிக் குடிப்பதுபோல் மெல்லிய சத்தம் ஒன்று விட்டுவிட்டுக் கேட்டது. காற்றுக் குமிழி, என்று நினைத்துக்கொண்டாள்.

தொலைபேசி அடித்தது. கடைக்கார ஸ்வெய்ன்.

"மெக்கின், வீட்டுல உக்கார முடியல. அவிஞ்சு போறேன்."

"ஜன்னலைத் திற ஸ்வெய்ன்."

"திறந்துதான் கிடக்கு. எல்லாமே."

"அப்ப சட்டையக் கழட்டு. யாரு பாக்கப் போறா? பாத்தாலும் யாரு மயங்கப் போறா?"

ஸ்வெய்ன் சிரித்தான். சிரிப்பு மெதுவாக வந்தது, ஒவ்வொரு துண்டாக. குடித்திருக்கிறான்.

லாவ்காதலூரில் யாரும் கணப்பின் திருகைச் சுற்றிச் சூட்டைக் குறைப்பதில்லை. பூமி சும்மா கொடுக்கும் சூடு. அதை எதற்குக் குறைக்க வேண்டும்? வெக்கையாக இருந்தால் ஜன்னலைத் திறப்பார்கள். பனிப்புயல் அடித்தாலும் ஜன்னலைத் திறப்பார்கள். பாதி வீடுகளில் திருகுகளின் மேல் வர்ணம் பூசிப் பூசி அவை இறுகிப்போயிருந்தன. மெக்கின் வீட்டிலும்தான்.

மதியத்திலிருந்து இது எட்டாவது அழைப்பு. எட்டுப் பேருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தாள்.

ஒன்பதாவது, ஆடு வளர்க்கும் ஹல்பெரா. இந்தப் பள்ளத்தாக்கில் மெக்கினுக்குச் சரிசமமாக வாயாடக்கூடிய ஒரே ஆள்.

"எனக்கு வெக்கையா இருக்கு," என்றாள் ஹல்பெரா. "ஆனா நாய் கணப்புக்கிட்ட வரமாட்டேங்குது. வாசல்ல பனியில நின்னு நடுங்கிட்டு இருக்கு. உள்ளே இழுத்தா கடிக்க வருது."

"நாய்க்கு இயற்பியல் தெரியாது."

"உனக்குத் தெரியுமில்ல? வந்து பாரேன்."

"ஜன்னலைத் திற, போதும்."

"திறந்தாச்சு. காப்பி கோப்பையிலேயே உறைஞ்சு போச்சு மெக்கின். கையில வச்சுக் குடிச்சுட்டு இருந்த காப்பி."

"மைனஸ் பதினொன்னுல ஜன்னலைத் திறந்து வச்சா காப்பி உறையாம கொதிக்குமா?"

தொலைபேசியை வைத்த பிறகும் மெக்கினுக்குச் சிரிப்பு வந்தது. இலையுதிர்காலத்தில் அந்தத் திட்டத்தைப் பற்றி நடந்த ஊர்க் கூட்டத்திலும் இவள்தான் எழுந்து நின்று கேட்டாள்: "தண்ணியத் திருப்பிக் குடுக்குற, சரி. அதுல இருந்து எடுத்த சூட்டை?" அதற்கு மெக்கின், "பூமிக்குக் குளிருதுன்னா நீ ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போடு," என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. ஹல்பெரா சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள் கேள்வி கேட்க வந்தால் இப்படித்தான்.

பத்தாவது அழைப்பு வீட்டிலிருந்து. கணவன் ஹாகோன். தேவாலயத்தில் பாட்டுக்குழுவை நடத்துகிறவன். பன்னிரண்டு வருட மண வாழ்க்கையில் ஒரு பல்பைக்கூட மாற்றியதில்லை. மகள் உன்னுருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அதனால் இன்றைக்கும் அவளோடு வீட்டில் இருந்தான்.

"குட்டிக்கு ஜுரம் விட்டுடுச்சு," என்றான். "நல்லா விட்டுடுச்சு."

"எவ்வளவு?"

"மானி வேலை செய்யல. முப்பத்திரண்டு காட்டுது."

"அதை அக்குள்ல வைக்கணும் ஹாகோன். மேஜை மேல வச்சுப் பாக்கக்கூடாது."

"அக்குள்லதான் வச்சேன்." கொஞ்சம் நிறுத்தினான். "வெக்கையா இருக்குங்கறா. உடுப்பெல்லாம் கழட்டிப் போட்டுட்டா. என்ன பண்ண?"

"ஜன்னலைத் திற. இதுக்குக்கூட நான் போன்ல வரணுமா?"

"சரி... செல்லம்."

பின்னால் உன்னுர் சிரித்தாள். அதே துண்டு துண்டான சிரிப்பு.

மெக்கின் தொலைபேசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஹாகோன் குடிப்பதில்லை. ஏழு வயதுக் குழந்தையும் குடிப்பதில்லை. மானியைப் பார்த்தாள். எண்பத்தாறு.

இரண்டு வெப்பமானிகளும் ஒரே மாலையில் பழுதாகுமா?

பழுதில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தண்ணீர் சூட்டைக் கொடுக்கவில்லை. எடுக்கிறது. வீட்டிலிருந்து. சுவரிலிருந்து, காப்பியிலிருந்து. முப்பத்தேழு டிகிரியில் இருக்கிற எல்லாவற்றிலிருந்தும்.

ஆனால் எல்லோரும் வெக்கை என்கிறார்களே.

மலைமீட்புக் குழுவின் பயிற்சியில் ஒவ்வொரு குளிர்காலமும் சொல்லிக்கொடுப்பார்கள். பள்ளத்தாக்கில் அதைப் படிக்காதவர் இல்லை. பனியில் விறைத்துச் சாகிறவனுக்குக் கடைசியில் குளிராது. உடம்பு எரியும். உடுப்பைக் கழற்றி எறிவான். நாக்கு குழறும். சிரிப்பான்.

பத்து வீடுகள். பத்து வீடுகளிலும் ஜன்னலைத் திறக்கச் சொன்னது அவள்.

வீட்டுக்கு அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

பம்பின் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். உறுமல் தணிந்து, இழுத்து, நின்றது. அறையில் அத்தனை அமைதியை அவள் இதுவரை கேட்டதே இல்லை. அந்த அமைதிக்குள் அந்தச் சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது. உறிஞ்சல். ஒரு நீண்ட இழுப்பு. ஓய்வு. மறுபடி ஒரு இழுப்பு.

தண்ணீர் ஓடுவதை அளக்கும் மானியின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பம்பு நின்ற பிறகும். முன்பைவிட வேகமாக.

பெரிய வால்வின் சக்கரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. மறுபக்கத்திலிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வீடு நானூறு மீட்டர். பனி முழங்கால்வரை. எல்லா வீடுகளிலும் விளக்கு. எல்லா வீடுகளிலும் ஜன்னல்கள் விரியத் திறந்து, திரைச்சீலைகள் வெளியே பறந்துகொண்டிருந்தன. ஸ்வெய்ன் தன் ஜன்னலில் நின்றான். வெற்று மார்போடு. கையை ஆட்டினான்.

அவள் நிற்கவில்லை.

கதவு. கூடம். தரையில் பனிப்பொடி, அதன் மேல் சின்னப் பாதச்சுவடுகள். அவை உருகவில்லை.

ஹாகோனும் உன்னுரும் கணப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளாடையோடு. கன்னங்கள் வெள்ளை. உதடுகள் நீலம். இருவரும் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

"வந்துட்டியா," என்றான் ஹாகோன். "கோட்டைக் கழட்டு. என்ன வெக்கை."

அவள் மூச்சு வெண்புகையாக அறைக்குள் பரவியது. அவன் பேசியபோது வாயிலிருந்து புகை வரவில்லை. குழந்தையின் வாயிலிருந்தும் வரவில்லை.

"உன்னுர், எந்திரி. அங்கருந்து எந்திரிடி."

"மாட்டேன்மா. நல்லா இருக்கு."

கழுத்தைத் தொட்டாள். பனியில் கிடந்த இரும்பைத் தொட்டதுபோல் இருந்தது. விரல் தோலோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. நாடி இல்லை. இடம் மாற்றிப் பார்த்தாள். இல்லை.

"கூசுதும்மா," என்றாள் உன்னுர்.

மெக்கின் கணப்பின் திருகில் ஸ்பானரை மாட்டினாள். வர்ணம் வெடித்தது. முழு எடையையும் போட்டுத் தொங்கினாள். திருகு அசைந்தது. அரைச் சுற்று. ஒரு சுற்று.

"அம்மா, நீ ஏன் அழு—"

நின்றது.

உன்னுரின் வாய் திறந்தபடி நின்றது. ஹாகோனின் கை பாதி உயர்ந்தபடி நின்றது. கண்கள் அவள் முன்பு இருந்த இடத்தையே பார்த்தன. திரைச்சீலை மட்டும் ஆடியது.

"உன்னுர்."

இல்லை.

"உன்னுர்!"

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பனித்துகள் ஒன்று குழந்தையின் திறந்த கண்ணின் மேல் இறங்கி, அங்கேயே நட்சத்திரமாக உட்கார்ந்தது. இமை மூடவில்லை.

மெக்கினால் முடியவில்லை. திருகைத் திறந்தாள். இரும்புக்குள் தண்ணீர் சளசளவென்று ஏறியது.

"—கிற?" என்றாள் உன்னுர்.

மெக்கின் திருகை மூடவும் இல்லை, விடவும் இல்லை. ஸ்பானரைப் பிடித்தபடியே மண்டியிட்டு இருந்தாள். மூடினால் மகள் இல்லை. திறந்திருந்தால், இது.

உன்னுர் மெல்லத் தலையைத் திருப்பினாள். மோப்பம் பிடிப்பதுபோல். பிறகு கணப்பை விட்டு எழுந்தாள். எழுந்தபோது முதுகுத் தோலில் பாதி இரும்பிலேயே தங்கிவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அப்பா," என்றாள் வியப்போடு. "அம்மா இதைவிடச் சூடா இருக்கா."

வந்து மெக்கினின் மடியில் உட்கார்ந்து, முதுகை அவள் நெஞ்சோடு ஒட்டிச் சாய்ந்துகொண்டாள். ஹாகோன் பின்பக்கமாக வந்து சாய்ந்தான். வாசலில் காலடிகள் கேட்டன. ஸ்வெய்ன். அவனுக்குப் பின்னால் ஹல்பெரா. அவளுக்குப் பின்னால் இன்னும் பலர், வெறுங்காலோடு, புன்னகையோடு, அவசரமே இல்லாமல். ஒவ்வொருவராக உள்ளே வந்து, இடம் பார்த்து, நெருக்கி, முதுகைத் திருப்பிச் சாய்ந்தார்கள்.

நடுவிலிருந்து ஒரே ஒரு வெண்மூச்சு மேலே எழுந்தது. அடுத்தது அதைவிட மெலிதாக.