பெற்றேன் என்று வரும்வரை

மகாதீபக் கொப்பரையைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது; கம்மி பண்ணித்தான் சொல்கிறேன்.

வேங்கிக்கால் வீட்டு மாடியறையில், விளக்கு வைக்கும் நேரத்தில், ரேடியோ பெட்டி மறுபடியும் கிறீச்சிட்டது. பிடுங்கிய கரண்ட் ஒயர் தருமன் கையில் இருந்தது.

கம்ப்யூட்டரில் அடிக்கும் எழுத்தைச் சத்தமாக்கி ரேடியோவில் அனுப்பும் வித்தையை அவனும் தம்பி இளஞ்செழியனும் ஒன்றாகத்தான் கற்றார்கள். பரீட்சையில் தம்பி முதலில் தேறினான். அன்று காலை, கூடப் படித்த அத்தனை பேர் முன்னாலும், "எங்கண்ணன் அனுப்புற மெசேஜ் பக்கத்து வூட்டு டிவியத்தான் கெடுக்கும், எங்க வூட்டுக்கு வராது" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரை தருமனின் காதுக்குள் ஊர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கீபோர்டைக் குத்தினான்: 'நீ செத்தாலும் உன் வாசலை மிதிக்க மாட்டேன்.'

போய்ச் சேராது என்று அவனுக்குத் தெரியும். தம்பி வீடு அடி அண்ணாமலையில், நடுவில் மலை. ஆனால் 'பெற்றேன்' என்று பதில் வரும்வரை பெட்டி அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். கத்தட்டும் என்று விட்டான். இதமாகக்கூட இருந்தது.

சூடேறிய பிளாஸ்டிக் வாசனையோடு எங்கிருந்தோ ஈரப்பாறையின் வாசனையும் கலந்து அறையில் தேங்கி நிற்க, ஜன்னலுக்கு வெளியே மலை தன் நிழலைக் கூரை கூரையாக இறக்கிக்கொண்டிருக்க, அந்தக் கிறீச்சுக்குள் முதலில் பல் நறநறப்பதும், பிறகு மூச்சு இரைப்பதும், கடைசியில் அவனுடைய கோபம் அவனை விட்டுவிட்டுத் தானே கத்துவதும் கேட்டது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. கரண்ட் ஒயரைப் பிடுங்கினான். ஆன்டெனாவைக் கழற்றினான். கத்தியது.

தம்பிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, போதும், நிறுத்து." குரலில் சிரிப்பு இல்லை.

"எல்லாத்தையும் புடுங்கிட்டேன்டா. உன் செட்ட ஆஃப் பண்ணு."

"என் செட்டு ரிப்பேர்னு கட்டிப் பரண்ல போட்டிருக்கேன். சத்தம் வாசல்ல இருந்து வருதுண்ணே." மூச்சு வாங்கினான். "உன் கட்டம் போட்ட சட்டை. பாப்பா போட்ட நீலக் கோலத்த மிதிச்சிக்கிட்டு நிக்குற. வாய மூடவே மாட்டேங்குற."

"டேய், கதவத் தொறக்காத!"

"நீதானேண்ணே."

தாழ்ப்பாள் விலகியது.

போனில் கிறீச். பெட்டியில் கிறீச்.

இரண்டும் நின்றன.

திரையில் ஒரே வரி. 'பெற்றேன்.'

தருமன் எழுந்தான். கால் வழுக்கியது. குனிந்து பார்த்தான்.

இரண்டு பாதங்களிலும் நீலப் பொடி. ஈரமாக.

இப்போது தருமன் அவன் அம்மாவுக்கு ஒரே பிள்ளை.