கழுதைக்கு ஒரு குரல்

"படம் ஓடும்போது பேசாத கிருஷாந்தி, எனக்கு..."

"பேசல சுமன், தமிழ்ல வாசிக்கிறேன்..."

"கீழே எழுத்து ஓடுதில்ல? எனக்கும் வாசிக்கத் தெரியும்."

நடராஜா சேர் படத்தை நிறுத்தினார்.

கெலிஓயாவில் ஒரு கடையின் மேல்மாடியில் அவர் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு நாட்டின் படத்தைக் காட்டுவார். போன மாதம் கொரியா. இன்று துருக்கி. படத்தில், மலையூர் ஒன்றில் சலூன் திறக்கும் அப்பாவுக்கு, ஒரு சிறுமி முடிவெட்டும் கதிரையைக் கழுதைமேல் ஏற்றிப் போகிறாள். பேச்சு துருக்கி மொழி, கீழே சிங்கள எழுத்து.

போன மாதமே கிருஷாந்தி கவனித்திருந்தாள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் பக்கத்துக் கதிரையில் இருந்த ஸஹ்ரா சிரித்தாள். பஸ்ஸில் சிங்களம் பேசி வெளுத்து வாங்குகிறவள்தான். ஆனால் எழுத்தை அவள் பாதி வாசிக்கும் முன்பே வரி மறைந்துவிடும். இன்று படியேறும்போது, தனக்குப் படமே பிடிக்காது, இனி வரமாட்டேன் என்றாள். அப்படிச் சொன்னவள்தான், கழுதை வந்ததும் கதிரை நுனிக்கு நகர்ந்தாள்.

அதனால்தான் கிருஷாந்தி வாசிக்கத் தொடங்கினாள். ஆனால் ஸஹ்ராவின் பெயரை அவள் இப்போதும் சொல்லவில்லை.

"சும்மா வாசிச்சா படம் கெட்டுத்தான் போகும். நடிச்சா?" என்று கேட்டாள். "நான் அந்தப் பிள்ளை. நீ அப்பா."

சுமன் யோசித்தான். "கழுதையும் நான்தான்."

"கழுதைக்கு வசனமே இல்லையே."

"அதான் வேணும்."

சேர் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைத்து, படத்தை முதலிலிருந்து போட்டார்.

துருக்கி அப்பா, சுமனின் குரலில், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத் தமிழில் கேட்டார்: "ஏம்புள்ள, கதிரைய இறுக்கிக் கட்டுனியா?"

ஸஹ்ரா சிரித்தாள். இந்தமுறை எல்லோருக்கும் முன்பாக.

பாதி மலையில் பனி கொட்டியது. களைத்துப்போன சிறுமி கதிரையை இறக்கி, வெள்ளை வெளியின் நடுவே அதில் ஏறி உட்கார்ந்தாள், ராணி மாதிரி. அவள் தோளில் கழுதை தலை சாய்த்தது. அங்கே வசனம் இல்லை. அதுவரை கழுதையாகக் கத்திக்கொண்டே வந்த சுமன்கூட இங்கே கத்தவில்லை. எவ்வளவு அழகாக எடுத்திருக்கிறார்கள்! கீழே தெருவில் பஸ்கள் ஹோர்ன் அடித்ததுகூட யாருக்கும் கேட்கவில்லை.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. ஸஹ்ரா நேரே சுமனிடம் போனாள்.

"அடுத்த மாசம் ஜப்பான் படத்துக்கு நானும் பேசுறேன். ஆனா சுமன், கடைசியில ஒன்ட கழுத இன்னும் கொஞ்சம் களைச்சுப்போய்க் கத்தியிருக்கணும், அது அவ்வளவு பெரிய மலை ஏறி வந்தது தானே."