ஐந்தாவது சிவப்பு முடிச்சு

மீராமுகைதீன் முடிச்சுகள் போட்ட நூல்கயிறு ஒன்றை மேசையில் வைத்தான். மருதமுனை நெசவாளி, கல்முனை மருந்துச்சாலை வரை ஓடியே வந்ததில் மூச்சு வாங்கியது.

"இண்டைக்கும் சிவந்திட்டு ஐயா. ரெண்டு புள்ளய கபுறுக் குழியில வெச்சாச்சு. இவனையும் குடுக்க ஏலா."

அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி இராசதுரை பதறுகிற ஆள் இல்லை. அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்கு மருத்துவிச்சி செல்லத்தங்கம் பக்கத்தில் இருந்தாள். ஏழு மாதக் குழந்தை றஸாக்கின் நோய் இருவருக்கும் தெரியும். பாலில் உள்ள சீனி அவன் உடம்புக்கு ஆகாது; தாய், தகப்பன் வழியாகப் பிறவியிலேயே வந்த குறை. தாய்ப்பாலும் வேண்டாம், மாட்டுப்பாலும் வேண்டாம் என்று கொழும்பு டொக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் பிள்ளையின் மூத்திரத்தை நீல மருந்தோடு சூடாக்கிப் பார்க்க வேண்டும். நீலமாகவே நின்றால் நிம்மதி. செங்கல் நிறமானால் யாரோ பால் கொடுத்திருக்கிறார்கள். மீராமுகைதீனுக்கு எழுத வராது. நாளுக்கொரு முடிச்சு, நீல நூலிலோ சிவப்பு நூலிலோ போட்டுவந்தான்.

"ஏழு நாளைக்கொண்டா, சிவப்பு அஞ்சு," என்று எண்ணினார் இராசதுரை. "வீட்டுக்கு ஆர் வாற?"

"பால்காரன் சீனிமுகம்மது தினமும் வீட்டு முற்றத்தால போவான். என்ட பொஞ்சாதி கைருன்னிஸா ஏழு நாளைக்கொருக்கா நூலுக்குச் சாயம் போடுவா, அந்த நாளில என்ட தங்கச்சி ஸம்ஸியா வந்து புள்ளயப் பாப்பா. அவட மகள் ஹாஜறாவும் கைப்புள்ளதான். இவனுக்குத்தான் அவளக் குடுக்கிற எண்டு பேச்சு. நேத்து வரக்குள்ளயும் 'என்ட மருமகன்' எண்டுதான் தூக்கினா."

"பால்காரன்தான்!" செல்லத்தங்கம் குடையை எடுத்துவிட்டாள்.

"தினமும் வாறவனெண்டா, ஏன் சாயம் போட்டதுக்கு மறுநாள் மட்டும் சிவக்குது?" என்றார் அவர்.

மருதமுனை வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருந்தான். கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. தாய் கைருன்னிஸா கஞ்சிக் கோப்பையோடு மிரண்டுபோய் நின்றாள். அவளுக்குப் பால் வற்றி மாதக்கணக்காகிறது. ஸம்ஸியாவும் ஹாஜறாவோடு வந்திருந்தாள்; றஸாக் அவள் தோளில் கிடந்தான்.

"மாமியாரே, மருமகனை இப்பிடித் தாங்க," என்று சீண்டினாள் செல்லத்தங்கம்.

"அப்பிடிக் கதைக்காதீங்க அக்கா! அவன் ஹாஜறாட காக்கா." காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.

இராசதுரை மெதுவாகக் கேட்டார். "எத்தின தரம் குடுத்தீங்க தங்கச்சி? அஞ்சு தரமா?"

ஸம்ஸியா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்கெப்பிடி விளங்கின?" செல்லத்தங்கம் வாய்பிளந்தாள்.

"இவங்கட மார்க்கத்தில, ஒரு பொம்புள அஞ்சு தரம் வயிறு நிறையப் பால் குடுத்தா அந்தப் புள்ளைக்கு அவவும் ஒரு தாய், உம்மா. அவட மகள் தங்கச்சி, கட்ட ஏலாது. நேத்து வரக்குள்ள மருமகனா இருந்தவன் இண்டைக்கு எப்பிடிக் காக்காவானான்? நேத்துத்தான் அஞ்சாவது தரம். முடிச்சும் அஞ்சு."

"மச்சி கைருன்னிஸாட பாலிலதான் நஞ்செண்டு நினைச்சன்," ஸம்ஸியா விம்மினாள். "ரெண்டும் அதைக் குடிச்சித்தானே மவுத்தாப் போன? என்ட பாலில ஹாஜறா நல்லாத்தானே இரிக்காள். இவன் பசியில அழ, பாத்துக்கிட்டிரிக்க ஏலல்ல. மருமகன் இல்லாட்டியும் புள்ள மிஞ்சட்டும் எண்டு குடுத்தன்."

"எந்தப் பாலிலயும் அந்தச் சீனி இருக்கு, தங்கச்சி."

"கொல்லப் பாத்தியே மச்சி!" கைருன்னிஸா குழந்தையைப் பறித்து நெஞ்சோடு அணைத்தாள். ஸம்ஸியா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை, ஹாஜறாவோடு வாசலிலேயே கிடந்தாள்.

மறுநாள் காலையில் எல்லோரும் விளக்கைச் சுற்றி நின்றார்கள். மருந்து கொதித்தது. நீலம். இன்னும் கொதித்தது. நீலமேதான். மீராமுகைதீன் நீல நூலில் அன்றைய முடிச்சைப் போட்டான்.

கைருன்னிஸா குழந்தையைக் கொண்டுபோய் ஸம்ஸியாவின் மடியில் வைத்தாள். ஊட்டிவிடக் கஞ்சிக் கோப்பையையும் கரண்டியையும் நீட்டினாள்.

"தீத்து. இனி நீயும் உம்மாதானே."