நடந்துகொண்டே தைத்த பொத்தான்

இந்தக் கதையை எப்போதும் அக்காதான் சொல்வாள். இப்போது அவள் இல்லை, அதனால் நான் சொல்கிறேன். அவள் சொன்னால் இன்னும் கொஞ்சம் சிரிப்பு வரும்.

எங்கள் அப்பா தையல்காரர். நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் கீழே கடை, மேலே வீடு. அப்பாவின் சட்டைக் காலரில் நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டுமென்றால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் அறுவடை நாளன்று பள்ளிப் பிள்ளைகள் பச்சைக் கோட்டுப் போட்டு, கையில் கதிர்க்கட்டு ஏந்தி, கடைவீதி வழியாக ஊர்வலம் போவார்கள். அத்தனை கோட்டுகளையும் தைப்பவர் அப்பா. ஆனால் ஊர்வலத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. விடிய விடியத் தைத்துவிட்டு, துணி வெட்டும் மேஜைமேலேயே படுத்துவிடுவார். வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கும். உள்ளே அப்பாவின் குறட்டை முழங்கும்.

அந்த ஆண்டு அக்காவுக்குப் பத்து வயது. ஊர்வலத்தின் முன்வரிசையில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அதை அப்பா பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கேட்டதற்கு அப்பா, "பார்க்கலாம்மா" என்றார். அப்பா 'பார்க்கலாம்' என்றால் நடக்காது என்பது எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

முந்தின நாள் பள்ளி மதியத்தோடு விட்டது. அன்று வகுப்பில் டீச்சர் சொன்ன கதையை, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முன்னொரு காலத்தில், கதிர் முற்றி நிற்கும்போது வானம் கறுத்துவிட்டதாம். அறுக்க ஆள் போதவில்லை. யாரோ ஊர் மணியை அடித்தார்கள். கடைகளைச் சாத்தி, பள்ளியைப் பூட்டி, ஊரே வயலில் இறங்கியது. நீதிபதிகூட அரிவாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தாராம். மழை விழுவதற்குள் கதிரெல்லாம் களஞ்சியத்துக்குள் போய்விட்டது. பிறகு நனைந்துகொண்டே எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அதிலிருந்துதான் அந்த நாளுக்கு விடுமுறை.

"அப்ப லீவு விட்டதே வேலை செய்யத்தானா டீச்சர்?" என்று அக்கா கேட்டாளாம். வகுப்பே அவளை முறைத்ததாம். எங்கே டீச்சருக்கு அந்த யோசனை பிடித்துவிடுமோ என்ற பயம்தான்.

கடைக்குள் நுழைந்தால் அப்பா தலை தெரியவில்லை. மேஜைமேல் கோட்டுகள் மலைபோலக் குவிந்திருந்தன. ஒன்றில்கூடப் பொத்தான் இல்லை. கூட வேலை செய்கிறவருக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் பன்போல உப்பி, வீட்டில் படுத்திருந்தார். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பொத்தான் நுழைகிற ஓட்டைக்குத்தான் காஜா என்று பெயர். காஜா முடிந்துவிட்டது என்றும், பொத்தான் கட்டத்தான் இந்த இராத்திரி போதாது என்றும் அம்மா சொன்னாள்.

அக்கா அந்த மலையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாடிக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கையில் சாப்பாட்டுத் தட்டும் கரண்டியும் இருந்தன. படிக்கட்டின் நடுவில் நின்று தட்டை அடிக்க ஆரம்பித்தாள்.

"கதிர் முத்திடுச்சு, மழை வருது, எல்லாரும் இறங்குங்க!"

கதவுகள் திறந்தன. முதலில் தலையை நீட்டியவர் பஸ் ஓட்டும் டிரைவர் மாமா. வெளியே வெயில் கொளுத்துவதைப் பார்த்துவிட்டு, "வயல் எங்கம்மா?" என்று கேட்டார்.

"எங்க கடைக்குள்ள, மாமா."

அக்கா விஷயத்தைச் சொன்னாள். டிரைவர் மாமா இறங்கி வந்தார். மூன்றாம் மாடி அத்தை மூக்குக்கண்ணாடியோடு வந்தார். முடிவெட்டும் கடைக்காரர், நாங்கள் ஒட்டடைக்குச்சி மாமா என்று கூப்பிடுகிறவர், வாசலில் குனிந்து நுழைந்தார்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தொழிலில் விளையாடக் கூடாது என்று அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று அக்காவும் மெதுவாகவே கேட்டாள். அதற்குள் அத்தை ஊசியில் நூலைக் கோத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் அப்பா ஒரு கோட்டை எடுத்துக் காட்டினார். "பட்டனுக்கும் துணிக்கும் நடுவுல ஒரு தீக்குச்சி வைங்க. தச்சதும் உருவிடுங்க. அப்பதான் பட்டன் மூச்சு விடும். முடிச்சு போட மறந்துடாதீங்க."

வேலை நடந்தது. ஒட்டடைக்குச்சி மாமாவின் விரல்கள் பறந்தன. தலை ஆடும், கோட்டு ஆடாது, அதனால் இது சுகமான வேலை என்றார். டிரைவர் மாமாவின் விரல்களுக்குள் ஊசி காணாமல் போய்விடும். அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கோட்டும் கூடவே எழுந்தது. தன்னுடைய கால்சட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தார்.

"பஸ்ஸத்தான் ஸ்டாப்பு தாண்டி நிறுத்துவீங்கன்னு பார்த்தா, ஊசியுமா?" என்றார் அத்தை.

விளக்கு ஏற்றுவதற்குள் மேஜை காலியாகிவிட்டது. அப்பா வெறும் மேஜையைத் தடவிப் பார்த்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அன்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் தூங்கியவர் அவர்தான்.

மறுநாள் காலை, முகமெல்லாம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, தெருவோரம் முதல் ஆளாக நின்றார். ஊசி மட்டும் பழைய சட்டையிலிருந்து புதிய காலருக்கு மாறியிருந்தது.

பேண்டு வாத்தியம் கேட்டது. முன்வரிசையில் அக்கா வந்தாள். மார்போடு அணைத்த கதிர்க்கட்டு, விறைப்பான நடை. நான் கை தட்டினேன். அப்பா கை தட்டவில்லை. அவர் கண் அக்காவின் முகத்தில் இல்லை, கோட்டில் இருந்தது. மேல் பொத்தான் ஒற்றை நூலில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு நேரே வந்ததும் அது அறுந்து விழுந்து, உருண்டு, அப்பாவின் செருப்பில் முட்டி நின்றது.

அடுத்த நொடி அப்பா என் பக்கத்தில் இல்லை. பொத்தானும் கையுமாக அக்காவின் முன்னால் நின்றார். அக்காவால் நிற்க முடியாது, நின்றால் பின்னால் வருகிறவர்கள் மோதுவார்கள். "நீ நட" என்று சொல்லி, அப்பா பின்பக்கமாக நடந்துகொண்டே தைக்க ஆரம்பித்தார்.

"அப்பா, தீக்குச்சி?" என்றாள் அக்கா, உதடு அசையாமல்.

கூட்டத்துக்குள்ளிருந்து டிரைவர் மாமா தீப்பெட்டியோடு ஓடி வந்தார். கடைவீதியே சிரித்தது. அப்பா குச்சியை வைத்தார், தைத்தார், உருவினார், முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தார். நிமிர்ந்து பார்த்தால் கடைவீதி முடிந்துவிட்டது. ஊர்வலமும் முடிந்துவிட்டது.

அப்பாவின் முகம் வாடியது. "நீ நடந்ததை நான் பார்க்கவே இல்லையேம்மா."

"கூடவே நடந்தீங்களேப்பா" என்றாள் அக்கா. ஊசி குத்தாத பக்கமாகப் பார்த்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

டிரைவர் மாமா தொண்டையைச் செருமினார். "அது நான் தச்ச பட்டன். நான் முடிச்சு போடாம விட்டதே இதுக்குத்தான்!"

அடுத்த ஆண்டிலிருந்து முன்வரிசையில் ஒரு பெரியவருக்கும் டீச்சர் இடம் ஒதுக்கினார். ஊசியோடு வர வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லியனுப்பினார்.